கிருபையை எந்த மொய் நோட்டில் எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் போதகர் இல்லை. கோவைக்குப் பக்கத்தில் சோமனூர்த் தறிக்குடோனில் முப்பது வருடம் கணக்கு எழுதியவன். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை வாசலில் டீ ஊற்றிக் கொடுக்கிற வேலை என்னுடையது. டம்ளரை வாங்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்று, பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, "ஏனுங்கண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்று ஆரம்பிப்பார்கள். கீழே இருக்கிற கேள்விகளில் பாதி அப்படி வந்தவை. மீதி, பழைய தறிக்காரர்களும் கிறிஸ்தவர் அல்லாத சிநேகிதர்களும் போனில் கேட்டவை. வரிசை எதுவும் பார்த்து வைக்கவில்லை. வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே சொல்கிறேன், எனக்கு மனப்பாடமாக இருப்பது அதுதான்.

கிருபை கிருபை என்கிறீர்களே, அது என்னங்க?

நம்ம ஊர்க் கல்யாணத்தில் மொய் எழுதுகிற மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஐநூறு வைத்தவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் போகும்போது நோட்டைப் புரட்டிப் பார்த்து, அதே ஐநூறோ கொஞ்சம் கூடவோ வைப்போம். குறைத்தால் பேச்சு வரும். அதில் பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் கணக்கும் இருக்கிறது. இப்போது ஒருத்தர் வருகிறார், உங்கள் கடன் மொத்தத்தையும் அடைக்கிறார், நோட்டில் பெயரே எழுத வேண்டாம் என்கிறார், அவர் வீட்டில் திருப்பி வைக்கிற மாதிரி ஒரு விசேஷமும் வரப்போவதில்லை. நீங்கள் அவருக்குச் சொந்தமும் இல்லை, போதாக்குறைக்கு நேற்று வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டிருந்தவர். கிறிஸ்தவர்கள் கிருபை என்று சொல்வது இதைத்தான். புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் இது 'காரிஸ்'. தமிழில் எங்கள் சபைகளில் கிருபை, கத்தோலிக்கர் வாயில் அருள். எபேசு பட்டணத்துச் சபைக்கு எழுதின கடிதத்தில் அப்போஸ்தலர் பவுல் போட்டு உடைக்கிறார்: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இது லேசில் இறங்காது, எனக்கும் இறங்கவில்லை. ஆயிரம் அடிக்கு போர் போட்டுத் தண்ணீர் வராவிட்டால் பக்கத்தில் இன்னொன்று போட்டுப் பார்க்கிற ஆட்கள் நாம். நாலு தறியில் ஆரம்பித்து நாற்பது தறி ஆனவர், தையல்காரருக்கு உதவியாகக் கைமடிக்கிற வேலையில் ஆரம்பித்துப் பனியன் கம்பெனி முதலாளி ஆனவர் என்று தெருவுக்கு ஒரு கதை உண்டு. 'சும்மா வாங்கித் திங்கிறவன்' என்பது இங்கே பெரிய வசவு. அதனால் தப்பு செய்தேன் என்று ஒத்துக்கொள்வதுகூட நம் ஆட்களுக்குச் சுலபம், இனாமாக மன்னிக்கப்படுவதை ஒத்துக்கொள்வதுதான் கஷ்டம். ஏதாவது கொடுத்துத்தான் வாங்குவேன் என்று நிற்போம். இந்தப் பக்கத்தில் முக்கால்வாசிக் கேள்விகளுக்கு அடியில் அந்த ரோஷம்தான் இருக்கிறது, கவனித்துப் பாருங்கள்.

நான் செய்தது ரொம்பப் பெரிசு. இதுக்கும் மன்னிப்பு உண்டா?

என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. வேதத்தில் மன்னிக்கப்பட்டவர்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். தாவீது ராஜா இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்டு, அந்தப் புருஷனைப் போரின் முன்வரிசையில் நிறுத்திச் சாகடித்தார். பவுல் சபையைத் துன்பப்படுத்தினவர், ஸ்தேவான் என்ற விசுவாசியைக் கல்லெறிந்து கொன்றபோது கொன்றவர்களுடைய வஸ்திரங்களுக்குக் காவல் நின்றவர். இயேசுவின் சீடர் பேதுரு மூன்று வருடம் அவர் கூடவே சாப்பிட்டுவிட்டு, ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்கே அந்த ஆளைத் தெரியாது என்று சொன்னவர்.

பேதுரு விஷயத்தில் ஒரு சின்ன விவரம் உண்டு. அவர் மறுதலித்த ராத்திரியில் குளிருக்காகக் கரிநெருப்பு மூட்டியிருந்தார்கள், அதில் குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்தார். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் அவரைச் சந்திக்கும்போது அங்கேயும் கரிநெருப்பு போட்டிருக்கிறது, மேலே மீன். யோவான் தன் சுவிசேஷத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வார்த்தையை எழுதுகிறார். மூன்று தடவை இல்லை என்றவரிடம் மூன்று தடவை "என்னை நேசிக்கிறாயா?" என்று கேட்கிறார் இயேசு. ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று ஒரு வார்த்தை இல்லை. முதலில் சாப்பாடு போடுகிறார், அப்புறம்தான் பேச்சு.

'மன்னிக்கப்படாத பாவம்' என்று ஒன்று இருக்கிறதே என்று பயந்து கேட்பவர்கள் உண்டு. மத்தேயு 12-ல் அது வரும் இடத்தைப் படியுங்கள். கண்ணெதிரே ஒருவன் குணமானதைப் பார்த்துவிட்டு, இது பிசாசின் வேலை என்று தெரிந்தே சாதிக்கிற ஆட்களிடம் சொன்னது அது. நான் அந்தப் பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று ராத்திரி தூக்கம் வராமல் புரளுகிறவருக்குச் சொன்னதல்ல.

இப்படி இனாமாக மன்னித்தால் மறுபடி மறுபடி செய்ய மாட்டார்களா?

செய்வார்கள், செய்கிறார்கள், நானும் பார்க்கிறேன். பவுல் காலத்திலேயே இதைக் கேட்டிருக்கிறார்கள். கிருபை பெருகட்டும் என்று பாவத்திலே நிலைநிற்கலாமா என்று அவரே கேள்வியை எழுப்பி, கூடாதே என்கிறார். அம்மாயி (அம்மாவைப் பெற்றவர்) வீட்டில் எவ்வளவு தின்றாலும் கேட்க மாட்டார்கள் என்பதற்காக யாரும் அம்மாயி வீட்டில் திருடுவதில்லை. திருடுகிறவனுக்கு அம்மாயியைத் தெரியவில்லை என்று அர்த்தம்.

கடவுள் மன்னித்துவிட்டார் என்றால், ஏமாற்றின பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லையா?

வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சகேயு என்ற வரிவசூல்காரன் கதை லூக்கா 19-ல் இருக்கிறது. இயேசு அவன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்ன பிறகு அவனாகவே எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றினவர்களுக்கு நாலு மடங்கு என்கிறான். வரிசையைக் கவனியுங்கள்: பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் உன் வீட்டுக்கு வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. முதலில் வந்தார், அதற்கப்புறம் அவன் கை தானாகத் திறந்தது.

இதில் என் கதையும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். 1987-ல் எனக்கு இருபத்திநாலு வயது, கல்யாணமாகி ஒரு வருடம், மனைவி மாசமாக இருந்தாள். குடோனில் தறி ஓட்டின பெரியவர் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. துணியை மடித்து மீட்டர் பார்த்து எழுதுகிறவன் நான். அவர் பீஸில் டேமேஜ் என்று இரண்டு மூன்று மீட்டரைக் குறைத்து எழுதி, சனிக்கிழமை கூலி போடும்போது அந்த வித்தியாசத்தை என் பையில் போட்டுக்கொண்டேன். எட்டு மாதம். முதலாளிக்குத் தெரியாது. அப்புறம் வேறு குடோனுக்கு மாறிவிட்டேன், ஞானஸ்நானம் எல்லாம் ஏற்கெனவே எடுத்தவன்தான், ஞாயிறு தவறாமல் கோயிலுக்கும் போவேன். பதினொரு வருடம் கழித்து ஒரு தவக்காலத்தில் இந்தச் சகேயு பகுதியைப் பீடத்தில் நின்று வாசிக்கிற முறை எனக்கு வந்தது. பாதியில் தொண்டை அடைத்துவிட்டது, தண்ணீர் குடித்துவிட்டு வாசித்து முடித்தேன்.

வீட்டுக்கு வந்து என் பழைய நோட்டுகளைப் பார்த்துக் கூட்டினேன். 640 ரூபாய். நாலு மடங்கு 2,560. கையில் இருந்தது போக ஆயிரம் ரூபாய் கைமாற்று வாங்கிக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். பெரியவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் சம்சாரம் திண்ணையில் உட்கார்ந்து நூல் பிரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அவருக்குத் தெரியுஞ் சாமி. படிக்கத் தெரியாட்டி மீட்டர் தெரியாதா? சொன்னா பையனுக்கு வேலை போயிரும், பொண்டாட்டி வேற மாசமா இருக்காளாம், போவுது உடுன்னாரு" என்றார். பணத்தை எண்ணி 640-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை என் கையிலேயே வைத்துவிட்டார். இருந்து டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

எட்டு மாதமும் அந்த ஆள் என்னைத் தெரிந்துகொண்டே தினமும் காலையில் பார்த்து, "சாப்டியா கண்ணு?" என்று கேட்டிருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்கப் போவதற்குப் பதினொரு வருடம் முன்னாலேயே அது கொடுக்கப்பட்டிருந்தது. அதற்காகப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது வீணா என்றால் இல்லை. அந்த 640 அந்தம்மாவுக்குச் சேர வேண்டியது, சேர்ந்தது. மீதி 1,920-ஐ அவர் திருப்பிக் கொடுத்ததுதான் எனக்கு இன்னும் கனக்கிறது. பரிகாரம் என்று நினைத்துத்தான் கொண்டுபோயிருந்தேன்.

கடவுள் நினைத்தால் சும்மா மன்னிக்கலாமே, இயேசு எதுக்குச் சாகணும்?

மேலே சொன்ன பெரியவரையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத்தான் அது இனாம். அவர் வீட்டில் எட்டு மாதம் கூலி குறைந்தது நிஜம். தீபாவளிக்கு யாரோ ஒருத்தருக்குத் துணி எடுக்காமல் விட்டிருப்பார்கள். மன்னிக்கிறவர் அந்த நஷ்டத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார், வேறு வழியே இல்லை. கடனைத் தள்ளுபடி செய்தால் கொடுத்தவன் கையைத்தான் கடிக்கும். சிலுவை என்பது கடவுள் அந்த நஷ்டத்தைத் தானே ஏற்றுக்கொண்டது என்று நாங்கள் நம்புகிறோம். கோபக்காரக் கடவுளைச் சமாதானப்படுத்த அப்பாவி ஒருவரைப் பலி கொடுத்தது மாதிரி சில பிரசங்கங்களில் சொல்வார்கள், எனக்கு அந்தச் சொல்முறை பிடிக்காது. "தேவன் கிறிஸ்துவுக்குள்" உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்பது பவுல் எழுதினது. கொடுத்தவரும் பட்டவரும் வேறு வேறு ஆள் இல்லை.

எனக்குத் துரோகம் செய்த பங்காளியையும் மன்னிக்கணுமா?

காடு பாகம் பிரித்தது, பொதுக் கிணற்றில் தண்ணீர் முறை, அப்பாருடைய (தாத்தாவுடைய) கையெழுத்து, ஏழு வருடமாகக் கோர்ட்டில் கேஸ். ஊர் ஊருக்கு இந்தக் கேள்வி ஒரே மாதிரிதான் வருகிறது. மன்னிக்க வேண்டும் என்றுதான் இயேசு சொல்கிறார், ஏழு தரம் போதுமா என்று பேதுரு கேட்டதற்கு ஏழெழுபது தரம் என்றார், உடனே ஒரு கதையும் சொன்னார். ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட வேலைக்காரன் ஒருவன், கெஞ்சினதும் மொத்தமும் தள்ளுபடி. அவன் வெளியே வந்து தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவன் கழுத்தைப் பிடிக்கிறான்.

கணக்கு எழுதினவன் என்பதால் இதை நம்ம ரூபாயில் போட்டுப் பார்த்தேன். அந்த வெள்ளிப்பணம் அன்றைக்கு ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து சுமார் ஆறாயிரம் வெள்ளிப்பணம். நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்தால், பதினாயிரம் தாலந்து 3,000 கோடி. நூறு வெள்ளிப்பணம் 50,000 ரூபாய். எல்லோரும் அந்த 3,000 கோடியைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள், நான் 50,000-ஐப் பார்க்கச் சொல்வேன். கூலிக்காரனுக்கு அது மூன்று நாலு மாத உழைப்பு. உனக்கு நடந்தது ஒன்றுமில்லாத விஷயம், விட்டுவிடு என்று இயேசு சொல்லவில்லை. உன் ஐம்பதாயிரம் ஐம்பதாயிரம்தான். ஆனால் நீ எதிலிருந்து வெளியே வந்தாய் என்பதை மறந்துவிட்டு அவன் கழுத்தைப் பிடிக்காதே என்கிறார்.

மன்னிப்பது வேறு, பழையபடி உறவாடுவது வேறு, நியாயம் கேட்பது வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டிப்போட்டு நம் சபைகளிலேயே ஆட்களை வாட்டுகிறோம். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனெரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு பையன்களையும் தீ வைத்துக் கொன்றார்கள். பையன்களுக்குப் பத்து வயது, ஆறு வயது. (நம்ம கோவை ஸ்டேன்ஸ் பள்ளிக்கூடத்து ஸ்டேன்ஸ் வேறு குடும்பம், பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) அவர் மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார், தொழுநோயாளிகள் நடுவே செய்த வேலையையும் தொடர்ந்தார். அதற்காக வழக்கு நிற்கவில்லை. முக்கியக் குற்றவாளிக்கு 2003-ல் மரண தண்டனை, 2005-ல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தம்மா மன்னித்ததும் நிஜம், சட்டம் தன் வேலையைச் செய்ததும் நிஜம். ஆகவே கிணற்றுப் பங்குக்கு நீங்கள் கேஸ் நடத்தலாம். அவன் பையன் விபத்தில் அடிபட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட முடிகிறதா என்பதுதான் நான் கேட்கிற கேள்வி.

வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிக்கிறார், மன்னித்துப் போ என்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்கிற தங்கச்சிகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். மன்னிப்பு என்றால் மறுபடி அடி வாங்கத் திரும்பிப் போவது என்று அர்த்தம் இல்லை. முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள், பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்யுங்கள். மன்னிப்பதைப் பற்றி மெதுவாக யோசிக்கலாம்.

பாதிரியாரிடம் போய்ச் சொல்லணுமா? நேரா கடவுளிடம் சொன்னால் போதாதா?

சபைக்குச் சபை வழக்கம் மாறும். கத்தோலிக்கர்களுக்கு, குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற ஒப்புரவு ஒரு அருட்சாதனம் (திருச்சடங்கு), பழைய ஆட்கள் பாவசங்கீர்த்தனம் என்பார்கள். வருடத்துக்கு ஒரு தரமாவது செய்ய வேண்டும் என்பது 1215-ல் ரோமில் கூடின நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பொதுக்கூட்டம் வைத்த விதி. கேட்ட குருவானவர் அதை யாரிடமும், எந்தக் கோர்ட்டிலும் சொல்லக் கூடாது. எங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வோம், ஐயர் (போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) மன்னிப்பின் வார்த்தைகளைச் சொல்வார். பெந்தெகொஸ்தே சபைகளில் நேரடியாக ஜெபம்தான்.

என் அபிப்பிராயம் கேட்டால், நேராகச் சொன்னால் போதும், ஆனால் இன்னொரு மனுஷன் காதில் விழச் சொல்வதில் ஒரு விடுதலை இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கருமத்தம்பட்டி செபமாலை மாதா பசிலிக்காவுக்கு அக்டோபர் திருவிழாவுக்குப் போனால் பாவசங்கீர்த்தனத்துக்கு நீளமாக வரிசை நிற்கும். உள்ளே போகும்போது இருந்த முகம் வெளியே வரும்போது இருக்காது. சீர்திருத்தச் சபைக்காரனான எனக்கு அதைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

காணிக்கை போட்டால் பாவம் குறையுமா? டிவியில் ஒருத்தர் அனுப்பச் சொன்னார்.

குறையாது. அனுப்பாதீர்கள். பாவமன்னிப்புக்கும் பணத்துக்கும் முடிச்சுப் போட்டதை எதிர்த்துத்தான் 1517-ல் மார்ட்டின் லூதர் 95 குறிப்புகளை எழுதினார், ஐந்நூறு வருடம் கழித்து அதே கடையை போன் நம்பரோடு திறந்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் ராஜாக்கள் ஐந்தாம் அதிகாரத்தில் நாகமான் என்ற சீரியா நாட்டுப் படைத்தலைவன் வருகிறான். குஷ்டம் நீங்க வேண்டும் என்று வெள்ளி, பொன், பத்து மாற்று வஸ்திரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு வருகிறான். எலிசா தீர்க்கதரிசி யோர்தானில் ஏழு தரம் முழுகு என்று ஆள் அனுப்பிச் சொல்கிறார், அவ்வளவுதான். பெரிய காரியம் எதையாவது சொல்லியிருந்தால் செய்திருப்பான், இவ்வளவு சுலபமா என்று அவனுக்குக் கோபம். நம்ம ஆள் என்று நினைத்துக்கொள்வேன். குணமான பிறகு காணிக்கையை நீட்டுகிறான், எலிசா ஒரு பைசா வாங்கவில்லை. எலிசாவின் வேலைக்காரன் கேயாசிதான் பின்னாலேயே ஓடி, பொய் சொல்லி இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு வஸ்திரமும் வாங்கி ஒளித்து வைக்கிறான். நாகமானுடைய குஷ்டம் அவனைப் பிடித்தது. இனாமாகக் கொடுக்கப்பட்டதற்கு ரசீது போட்டவன் அவன். சபைக்குக் கொடுங்கள், ஏழைக்குக் கொடுங்கள், நன்றியோடு கொடுங்கள்; விலை என்று நினைத்து மட்டும் கொடுக்காதீர்கள்.

நாங்கள் இந்துக்கள். எங்களிடமும் அருள் இருக்கிறதே?

இருக்கிறது, யார் இல்லை என்றது? அவிநாசியில் முதலை விழுங்கின பாலனைச் சுந்தரர் பாடி மீட்டார் என்ற கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் (தீ) மிதிக்கப் போகிறவர்களின் பக்தியைக் கிண்டல் செய்கிற கிறிஸ்தவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அருள் எப்படி வருகிறது என்று வைணவர்களும் ரொம்ப நாள் வாதாடியிருக்கிறார்கள்: குரங்குக் குட்டி தாயைத் தானாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது வடகலை, பூனைக் குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும் என்பது தென்கலை. எங்கள் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. 1517-ல் பிளந்த லூத்தரன், கத்தோலிக்கத் தரப்புகள் இதே மாதிரிக் கேள்வியில் ஒரு பொதுவான பேச்சுக்கு வந்து, ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டது 1999 அக்டோபர் 31-ல். 482 வருடம். நம்ம பாகப்பிரிவினைக் கேஸ் பரவாயில்லை.

வித்தியாசத்தை மழுப்பவும் விரும்பவில்லை. கிறிஸ்தவம் அருளை ஒரே ஒரு மனிதரோடு, ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து ஆட்சியில் சிலுவையில் அறையப்பட்ட இயேசுவோடு கட்டிவைக்கிறது. அவர் உயிர்த்தெழவில்லை என்றால் எங்கள் விசுவாசம் வீண் என்று பவுலே எழுதிவிட்டார். அதை நம்புவதா வேண்டாமா என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, டீ டம்ளரைக் கொடுத்து நான் அமுக்க முடியாது.

மன்னிக்கப்பட்டேன் என்று நம்புகிறேன், ஆனாலும் மனசு ஆறவில்லை. கடனில் தற்கொலை செய்துகொண்ட அண்ணனுக்குக் கதி உண்டா?

இரண்டும் ஒரே ஆள் கேட்டது, அதனால் சேர்த்தே வைக்கிறேன்.

மனசு ஆற நாள் பிடிக்கும். கட்டுப் பிரித்த பிறகும் கை கொஞ்ச நாள் வலிக்கத்தானே செய்கிறது. தாவீது மன்னிக்கப்பட்டார், ஆனால் பிறந்த குழந்தை செத்துப்போனது, வீட்டுக்குள் சண்டை ஓயவில்லை. மன்னிப்பு பின்விளைவை எல்லாம் அழித்துவிடுவதில்லை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் அது விசுவாசக் குறைவு இல்லை, டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம். 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம், காசு கிடையாது. 104-க்கும் கூப்பிடலாம். ஜெபம் பண்ணு சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லி அனுப்புகிற ஆளிடம் மறுபடி போகாதீர்கள்.

அண்ணன் விஷயம். முன்பெல்லாம் இப்படிச் செத்தவர்களைக் கோயில் கல்லறையில் வைக்கவே யோசித்தார்கள். இன்றைக்குக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே, அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம், கடவுள் அறிந்த வழிகளில் அவர்களுக்கு வழி உண்டு என்கிற பொருளில் சொல்கிறது. வட்டிக்காரன் வாசலில் நின்று கத்தின அந்தக் கடைசி ராத்திரியில் உன் அண்ணன் தலைக்குள் என்ன ஓடியது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மரணமானாலும் ஜீவனானாலும் நம்மை அவர் அன்பைவிட்டுப் பிரிக்க முடியாது என்று ரோமர் எட்டில் இருக்கிறது. மரணத்தை அந்தப் பட்டியலில் முதலில் எழுதியிருக்கிறார் பவுல். நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்தத் துக்க வீட்டுக்குப் போனேன், பேச ஒன்றும் வரவில்லை, மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வாழ்நாள் முழுக்க ஆட்டம் போட்டுவிட்டுச் சாகும்போது மன்னிப்புக் கேட்டால் கிடைக்குமா? அது நியாயமா?

கிடைக்கும். பக்கத்துச் சிலுவையில் தொங்கின கள்ளனுக்கு அன்றைக்கே கிடைத்தது. நியாயமா என்றால், நம்ம கூலிக் கணக்குப்படி இல்லை. திராட்சத் தோட்டத்துக்குக் காலையில் வந்தவனுக்கும், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த முதலாளி கதையை இயேசு சொன்னார். அந்த முதலாளியிடம் நான் கணக்குப்பிள்ளையாக இருந்திருந்தால் வேலையை விட்டிருப்பேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒன்று, கடைசியில் வந்தவன் ஊர் சுற்றிவிட்டு வந்தவன் இல்லை. எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்று சொல்லிக்கொண்டு நாள் முழுக்கச் சந்தையில் நின்றவன். விடிகாலையில் லேபர் வேனுக்காக நின்று, ஆள் போதும் என்று வேன் கிளம்பிப்போனதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதை புரியும். அவன் வீட்டிலும் ராத்திரி உலை வைக்க வேண்டும்.

சரிங்க, இப்ப நான் என்ன பண்ணணும்?

லூக்கா 18-ல் ஒரு ஆயக்காரன் (வரிவசூல்காரன்) கோயிலில் தூரமாக நின்று சொன்ன ஜெபம் தமிழில் நாலே வார்த்தை: "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." தறி சத்தத்துக்கு நடுவிலும் சொல்லலாம், பஸ்ஸிலும் சொல்லலாம், யாருக்கும் கேட்காது. யாருக்காவது பணமோ மன்னிப்போ தர வேண்டியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள், நான் போனபோது இரண்டு வருடம் தாமதம்.

கோயிலுக்கு வர வேண்டும் என்று தோன்றினால் எந்த ஞாயிறும் வரலாம். எங்கள் சபையில் எட்டரைக்கு ஆரம்பம், செருப்பு வெளியே, ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம், பின்பெஞ்சில் எப்போதும் இடம் இருக்கும். பாட்டு தெரியாவிட்டால் எழுந்து நின்றால் போதும், காணிக்கைப் பை வரும்போது அப்படியே பக்கத்தவருக்குத் தள்ளிவிடலாம், யாரும் பார்க்க மாட்டார்கள். முடிந்ததும் வாசலுக்கு வாருங்கள், டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்கும், வேண்டாம் என்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.